அவளுக்கென்று வைத்திருந்த வெயில்

அந்த ஃபோட்டோகிராஃபருக்குத் தொழில் வட்டாரத்தில் சூரியகாந்தி என்று பெயர். அதைப் பாராட்டு என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். பொழுதுக்கும் வெயில் போகிற பக்கமே முகத்தைத் திருப்பிக்கொண்டிருப்பவரை வேறு எப்படிக் கூப்பிடுவார்கள்? பையில் ஃப்ளாஷ் கிடக்கும், தொடமாட்டார். அது பட்டால் முகம் செத்துப்போகும் என்பார். ஆட்களை வெட்டவெளிக்கு அழைத்துப்போய், வெளிச்சம் தன் மனசுக்குப் பிடிக்கும்வரை காக்க வைத்துத்தான் எடுப்பார்.

எல்லாப் படத்துக்கும் பக்கத்தில், படத்தில் விழாமல் ஒருத்தி நிற்பாள். அவர் மனைவி. வெயிலை வாங்கி முகத்தில் திருப்பிவிடுகிற வெள்ளித்துணி வளையத்துக்கு அவர்கள் வீட்டில் 'தட்டு' என்று பெயர். அதைப் பிடிப்பவள் அவள்தான். வாடிக்கைக்காரர்கள் வருமுன் வெளிச்சம் பார்க்க அவர்கள் இடத்தில் நின்று முகம் காட்டுகிறவளும் அவள்தான். அப்படி எடுத்ததெல்லாம் அன்றைக்கே அழிந்துவிடும். கல்யாணத்துக்குப் பிறகு அவளுக்கென்று உருப்படியாக ஒரு படம் கிடையாது. ஊரார் முகத்தையெல்லாம் சட்டம் போட்டு மாட்டிவைத்த மனிதருக்கு வீட்டிலிருந்த முகம் கண்ணில் படவில்லை. சொல்லும்போதே எரிச்சலாக வருகிறது.

இப்போது அவளுக்கு ஒரு படம் வேண்டியிருந்தது. வலது தாடையில் கட்டி. நாளைக் காலையில் எலும்போடு சேர்த்து எடுக்கப்போகிறார்கள். "உயிருக்குப் பயமில்லம்மா. ஆனா முகம் பழைய மாதிரி இருக்காது" என்று டாக்டர் மறைக்காமல் சொல்லிவிட்டார்.

"இந்த முகத்த ஒரு தடவ ஒழுங்கா எடுத்துக் குடுங்க. வேற எதுவும் கேக்கல" என்றாள் கணவரிடம்.

சூரியகாந்திக்குக் கண் கலங்கியது. அதில் பொய்யில்லை. "இன்னிக்குச் சாயந்திரம் கிடங்குச் சந்துல ஒரு ஜோடிக்கு எடுக்கணும்ல? அங்க கடைசிப் பத்து நிமிஷம் வெயில் தங்கமா விழும். அது உனக்குத்தான்" என்றார்.

ஆஸ்பத்திரியில் சேரவேண்டிய நாளில் தட்டு பிடிக்கப் போனாள் என்றால் அந்தப் பத்து நிமிஷத்துக்காகத்தான். கத்திரிப்பூ நிற உடுப்பை இஸ்திரி போட்டு உடுத்திக்கொண்டாள். தலையை இரண்டு முறை வாரினாள்.

கல்யாணம் நிச்சயமான ஜோடி தாமதமாக வந்தது. பையன் கோட்டைத் தோளில் போட்டான், எடுத்தான், மறுபடி போட்டான். அவளும் கை வலிக்கத் தட்டைப் பிடித்துக்கொண்டு பொறுமையாக நின்றாள். ஒருவழியாக எல்லாம் முடிந்தது. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதையாக, அந்தப் பெண் திரும்பி வந்தாள்.

"அண்ணா, இன்னும் ஒண்ணே ஒண்ணு. நான் மட்டும் தனியா."

அப்போதுதான் மெல்லிய மேகம் ஒன்று சூரியனுக்கு முன்னால் வந்து நின்றது. சந்து முழுக்க வெளிச்சம் இளகிப்போனது. வருஷத்தில் ஒருநாள் கிடைக்கிற வெளிச்சம். சூரியகாந்தி கேமராவைக் கண்ணில் வைத்துவிட்டார்.

"தட்டக் கொஞ்சம் சாய்ச்சுப் பிடி."

கைப்பழக்கம் என்று ஒன்று இருக்கிறதே, அவள் சாய்த்துப் பிடித்தாள். தன் பங்கு வெயிலைத் தன் கையாலேயே இன்னொருத்தி கன்னத்தில் கொட்டினாள்.

"என்னங்க..."

அவர் கண்ணை எடுக்காமல் ஒரு விரலைத் தூக்கிக் காட்டினார். "இதோ, ஆச்சு."

ஆகவில்லை. வெயில் சுவரில் ஏறி, கூரையைத் தாண்டிப் போனது. ஜோடி நன்றி சொல்லிவிட்டுக் காரில் ஏறியது. அவர் திரும்பிப் பார்த்தபோது சந்தில் மனைவி நிற்பதே மங்கலாகத்தான் தெரிந்தது.

"அடடா, போச்சே" என்றார்.

"ஃப்ளாஷ் போட்டாவது எடுங்க."

"உன் முகத்தயா? நல்லா வராதுடி. ஆபரேஷன் முடிஞ்சு வா, சாவகாசமா எடுக்கலாம்."

"எத எடுப்பீங்க?" என்று கேட்டாள் அவள். தட்டை மடித்து வண்டியில் வைத்துவிட்டு, ஆஸ்பத்திரிக்குப் போக ஏறி உட்கார்ந்தாள்.

மறுநாள் காலை, ஆபரேஷனுக்கு முன்னால் முகத்தைப் படமெடுத்து வைப்பது அந்த ஆஸ்பத்திரி வழக்கம். ட்யூப்லைட் எரிகிற அறையில், சுவரோடு சுவராக அவளை நிறுத்தினார் ஊழியர்.

"சிரிக்காதீங்கம்மா. நேரா பாருங்க."

ஃப்ளாஷ் பளிச்சென்று முகத்தில் அடித்தது. அப்புறம் இடப்பக்கம், வலப்பக்கம்.

வாசலில் நின்ற சூரியகாந்திக்குப் பொறுக்கவில்லை. "அந்த ஜன்னல் பக்கம் நிறுத்தினா..."

"சார், நீங்க வெளிய இருங்க" என்றார் ஊழியர். பிறகு அவளிடம், "டாக்டருக்குப் படிக்கிற பிள்ளைங்களுக்கு இதப் பாடத்துல காட்டலாமாம்மா? நீங்க சரின்னாத்தான்" என்றார்.

"காட்டுங்க."

"எனக்கும் ஒரு காப்பி குடுங்க" என்றார் சூரியகாந்தி. "அவ முகம்... எங்கிட்ட ஒண்ணுகூட இல்ல."

ஊழியர் அவளைப் பார்த்தார். அவள் கணவரைப் பார்த்தாள். அவர் கண்ணில் தண்ணீர் நின்றது. நேற்றும் நின்றதுதான்.

"யாருக்கு வேணாலும் காட்டுங்க. இவருக்கு வேண்டாம்" என்றாள்.