மேனேஜரம்மாமேல் விழுந்த பழி

வாத்துகளைப் பற்றி என் மச்சானுக்குத் தெரியாத விஷயம் இந்த உலகத்தில் கிடையாது. இதை நான் சொல்லவில்லை, அவரே சொல்வார். கேட்காவிட்டாலும் சொல்வார். ஏரிக்கரையில் கொட்டகை போட்டு வாத்து வளர்க்கிறார். மனைவியின் அண்ணன் என்பதால் எதிர்த்துப் பேசவும் வழியில்லை. ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வுபெற்றவன் நான். லட்சம் பயணிகளின் பொய்யைக் கேட்டவன். அத்தனை பொய்யையும் ஒரு தட்டில் வைத்து, மச்சானின் ஒரு நாள் பேச்சை மறுதட்டில் வைத்தால், தராசு மச்சான் பக்கம்தான் சாயும்.

என் மகள் பறவைகளின் வைரஸ்களை ஆராய்கிறாள். குளிர்காலத்தில் எங்கெங்கிருந்தோ ஏரிக்கு வரும் காட்டு நீர்ப்பறவைகள் எந்தெந்த வைரஸைச் சுமந்து வருகின்றன என்று அவற்றின் எச்சத்திலிருந்து கண்டுபிடிப்பாள். முனைவர் பட்டம் வாங்கிவிட்டு எச்சம் பொறுக்கப் போன முதல் ஆள் எங்கள் வம்சத்தில் அவள்தான். எனக்குப் பெருமை தாங்கவில்லை. என்னைக் கேட்டால் அவள் செய்வதும் என் தொழில்தான். ரயிலில் டிக்கெட் இல்லாமல் வந்தவனை நான் பிடித்தேன், பறவையில் டிக்கெட் இல்லாமல் வருவதை அவள் பிடிக்கிறாள்.

அன்று காலை ஏரிக்கரையில் மாதிரி எடுத்து முடித்ததும் மாமனின் கொட்டகைக்குள்ளும் நுழைந்தாள். முகத்தில் மாஸ்க், கையில் நீல உறை. பின்னால் ஐஸ் பெட்டியைச் சுமந்துகொண்டு நான். தீவனத் தொட்டி ஓரத்தில் புத்தம்புதிதாக ஒரு எச்சம் கிடந்தது. மகள் குனிந்து பஞ்சுக் குச்சியை எடுத்தாள்.

"எந்தப் பறவையோடதுன்னு தெரியலையே."

"என்னைக் கேளு மருமகளே," என்றார் மச்சான். "இது மேனேஜரம்மா போட்டது."

மேனேஜரம்மா அவருடைய செல்ல வாத்து. விடிந்ததும் கொட்டகையை ஒரு சுற்றுச் சுற்றி, தூங்கும் வாத்துகளையெல்லாம் கொத்தி எழுப்பி வேலைக்கு அனுப்பும். என் பழைய மேலதிகாரிக்கும் அதற்கும் மூக்கில் மட்டும்தான் வித்தியாசம்.

"எப்படி மாமா சொல்றீங்க?"

"பெத்தவனுக்குப் பிள்ளையோட கையெழுத்து தெரியாதா?"

"மச்சான், இது கையெழுத்து இல்ல," என்றேன்.

"டிக்கெட்ல ஓட்டை போட்ட ஆளுக்கு இதெல்லாம் புரியாது மாப்பிள்ளை."

"வெளியிலேர்ந்து ஏதாவது பறவை உள்ள வந்திருக்குமோ?" என்றாள் மகள்.

"என் வலையைத் தாண்டியா? கொசுவே என்கிட்ட கேட்டுட்டுத்தான் உள்ள வரும்!"

மகள் சிரித்துக்கொண்டே குச்சியைக் குப்பிக்குள் போட்டு மூடினாள்.

அடுத்த வாரம் அந்தக் குப்பி குண்டைத் தூக்கிப் போட்டது. அதில் பறவைக் காய்ச்சல் வைரஸ் இருந்தது. ஏரிக்கரைக் குப்பிகளில் சிலவற்றிலும் இருந்ததுதான். காட்டுப் பறவைகளிடம் அது சகஜம் என்றாள் மகள். கொட்டகைக்குள் இருந்ததுதான் வில்லங்கம். கால்நடைத் துறையிலிருந்து வந்து எல்லா வாத்தின் தொண்டையிலும் குச்சி விட்டு மாதிரி எடுத்தார்கள். வாசலுக்குச் சீல் வைத்தார்கள். தீவனம் போட மட்டும், காலணியைக் கிருமிநாசினியில் முக்கிக்கொண்டு, பின்பக்கச் சின்னக் கதவு வழியாக மச்சான் உள்ளே போகலாம். வந்திருப்பது கொடிய ரகமாக இருந்து, அது வாத்துகளிடமும் இருந்தால் ஒரு வாத்தைக்கூட விட்டுவைக்க முடியாது. அக்கம்பக்கத்துப் பண்ணைகளுக்கும் மனிதர்களுக்கும் பரவிவிடும்.

மச்சான் எங்கள் வீட்டுக்கு வந்தார். ஆறடி ஆள், டிபன் பாக்ஸ் அளவுக்குச் சுருங்கிப்போய் நாற்காலியில் உட்கார்ந்தார். என் மனைவி கொடுத்த காபியை ஒரு குறையும் சொல்லாமல் குடித்தார். கல்யாணமான நாளிலிருந்து பார்க்கிறேன், தங்கை போட்ட காபியைக் குறை சொல்லாமல் அவர் குடித்ததே இல்லை. அப்போதுதான் விஷயம் எவ்வளவு பெரிது என்று எனக்கு உறைத்தது.

"மருமகளே," என்றார் மெதுவாக. "அன்னைக்கு நான் சும்மா பந்தாவுக்குச் சொன்னேன். அது மேனேஜரம்மாவோடதுன்னு எனக்கு எப்படித் தெரியும்? நான் என்ன பக்கத்துலயா உக்காந்திருந்தேன்?"

"பாவம், வாயில்லா ஜீவன் மேல அநியாயமாப் பழி போட்டுட்டியே அண்ணே," என்றாள் என் மனைவி.

"நீ வேற ஏன்மா வெந்த புண்ணுல..."

"மாமா, நீங்க அன்னைக்குச் சொன்னதையும் நான் நம்பல, இப்ப மாத்திச் சொல்றதையும் நம்பல," என்றாள் மகள். "எச்சத்துல வைரஸ் மட்டும் இல்ல, அதைப் போட்ட பறவையோட செல்லும் கொஞ்சம் ஒட்டியிருக்கும். ரெண்டோட மரபணுவையும் எழுத்து எழுத்தாப் படிக்கப் போறோம். போட்டது யாருன்னும் தெரிஞ்சிடும், வைரஸ் சாதுவா முரடான்னும் தெரிஞ்சிடும்."

"அது எப்படித் தெரியும்?"

"முரட்டு ரகத்துக்கு ஒரு குறிப்பிட்ட இடத்துல சில எழுத்து கூடுதலா இருக்கும். இருந்தா முரடு, இல்லாட்டி சாது."

முடிவு வரும் நாளில் மச்சான் என்னையும் ஆய்வகத்துக்கு இழுத்துக்கொண்டு போனார். எங்களைக் கண்ணாடிச் சுவருக்கு வெளியே பெஞ்சில் உட்கார வைத்துவிட்டார்கள். உள்ளே மேஜைமேல் ஸ்டேப்லர் அளவில் ஒரு கருவி, அதிலிருந்து கணினிக்கு ஒரு வயர்.

"இத்தனூண்டு பொட்டியா என் வாத்துங்க உயிரைக் கையில வச்சிருக்கு?" என்றார் மச்சான்.

"மேனேஜரம்மாவும் இத்தனூண்டுதான். கொட்டகையையே ஆட்டி வைக்கலையா?"

அவர் சிரிக்கவில்லை. கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றார். அவர் விட்ட பெருமூச்சில் கண்ணாடி முழுக்கப் பனி படர்ந்து, உள்ளே இருந்த நான்கு விஞ்ஞானிகளும் மறைந்தே போனார்கள். காவலாளி இரண்டு முறை துணியோடு வந்து துடைத்துவிட்டுப் போனார்.

கடைசியில் மகள் கதவைத் திறந்துகொண்டு வந்தாள். மாஸ்க்கைக் கழற்றினாள். முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டாள்.

"மாமா, உங்களுக்கு வாத்தைப் பத்தி ஒண்ணுமே தெரியாது."

மச்சான் ஒரு கணம் விழித்தார். பிறகு அவர் முகத்தில் மெல்ல மெல்லக் கல்யாணக் களை வந்தது.

"ஒண்ணுமே தெரியாதா?"

"சுத்தமாத் தெரியாது. அது மேனேஜரம்மாவோடது இல்ல. உங்க வாத்து எதுவுமே அதைப் போடல. அது கிளுவை, ஏரிக்கு வர்ற சின்னக் காட்டு வாத்து. உங்க வலையில எங்கயோ ஓட்டை இருக்கு, உள்ள பூந்து தீவனத்தைத் தின்னுட்டுப் போயிருக்கு. வைரஸும் சாது ரகம்தான். உங்க வாத்து ஒண்ணுகிட்டக்கூட அது இல்ல."

"இன்னொரு தடவை சொல்லு!"

"உங்களுக்கு ஒண்ணுமே..."

முடிப்பதற்குள் மச்சான் காவலாளியைக் கட்டிக்கொண்டார். "எனக்கு ஒண்ணுமே தெரியாதாம் சார்!" மாடிப்படியில் எதிரே வந்த பெண்ணிடம், "கேட்டீங்களா, நான் ஒரு அடிமுட்டாளாம்!" பஸ் நடத்துநரிடமும் சொன்னார். பஸ்ஸே கைதட்டியது. அந்த ஒரு வாக்கியத்தை மச்சான் வாயிலிருந்து கேட்கத்தான் நான் இத்தனை வருடம் உயிரோடு இருந்தேன். அதை இப்படி லட்டு விநியோகம்போல ஊரெல்லாம் கொடுத்துவிட்டால், சீண்ட எனக்கு என்ன மிச்சம்?

வீடு வந்து சேர்வதற்குள் ஆள் தேறிவிட்டார்.

"யோசிச்சுப் பாரு மாப்பிள்ளை. அந்தக் கிளுவை எத்தனை நாடு தாண்டி வந்திருக்கும்? இவ்வளவு பெரிய ஏரியை விட்டுட்டு என் தொட்டியில வந்து ஏன் சாப்பிட்டுச்சு? தீவனத்தோட ருசி அப்படி!"

"அண்ணே, முதல்ல ஓட்டையை அடைக்கிற வழியைப் பாரு," என்றாள் என் மனைவி. "இல்லாட்டி அடுத்த தடவை சொந்தபந்தத்தையும் கூட்டிட்டு வரும்."

கூரையும் வலையும் சேரும் மூலையில் ஓட்டை இருந்தது. கிளுவை என்ன, நானே குனிந்து போயிருக்கலாம். முற்றத்துக்கும் சேர்த்துப் புது வலை கட்டினோம். மகள் ஒவ்வொரு முடிச்சையும் இழுத்துப் பார்த்தாள். மறுபடி எடுத்த மாதிரிகளும் சுத்தம் என்று வந்ததும் சீலைப் பிரித்தார்கள்.

மச்சான் கதவைத் திறந்தார். அத்தனை நாள் அடைந்து கிடந்த வாத்துக் கூட்டம் அவர் காலை வாரிவிட்டு, அவர்மேல் ஏறி மிதித்துக்கொண்டு முற்றத்துக்குப் பாய்ந்தது. அவர் சேற்றில் மல்லாந்து கிடந்தபடியே, "மெதுவா, மெதுவாம்மா, எல்லாருக்கும் இடம் இருக்கு," என்றார். வாத்துகள் போட்ட சத்தத்தில் ஏரி கரை புரண்டு ஒருமுறை தளும்பியது. சத்தியமாகத் தளும்பியது, என் செருப்பு நனைந்தது.