ஜோவிதா ஹாஜர்

கன்னட ஊரான அடுகோடியில் இருந்த அந்தத் தையல் ஆலையில் காலையில் பேர் கூப்பிட்டால் "ஹாஜர்" என்று சொல்ல வேண்டும். தமிழ்ப் பெண்களும் அப்படித்தான் சொல்வார்கள். "உள்ளேன்" என்றால் ரிஜிஸ்டருக்குக் காது கேட்காது போலும்.

நாலாவது வரிசையின் சூப்பர்வைசர் சாந்தகுமாரி அந்த ரிஜிஸ்டரில் ஒரு பொய் எழுதியிருந்தாள். மூன்று வாரத்துக்கு முன் ஒரு திங்கட்கிழமை, காலர் தைக்கும் ஜோவிதா மெஷின் மேலேயே சரிந்து விழுந்தாள். ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் உயிர் போய்விட்டது. வேலை நேரத்தில் ஆள் செத்தால் கம்பெனிக்குத் தலைவலி. மேனேஜர் ஸ்ரீகண்டன் புதுப் பக்கமும் பேனாவும் நீட்டினார். அந்தத் தேதியில் ஜோவிதாவுக்கு ரஜா, அதாவது லீவு, என்று சாந்தகுமாரி போட்டாள். கையெழுத்து அவளுடையது, உண்மை வெளியே வந்தால் முதலில் மாட்டுவதும் அவள்தான்.

பெண்கள் யாரும் கத்தவில்லை. தலையில் கட்டும் வெள்ளைத் துணியின் ஓரத்தில் ஒருத்தி சிவப்பு நூலில் எம்பிராய்டரி போட்டு வந்தாள்: ஜோவிதா ஹாஜர். வாரம் முடிவதற்குள் பத்தொன்பது தலைகளில் அதே வாசகம், அவரவருக்குத் தெரிந்த எழுத்தில். வரிசையில் நடந்தால் குனிந்த தலை ஒவ்வொன்றும் சாந்தகுமாரியிடம் அதையே சொன்னது.

"நாளைக்கு லேபர் ஆபீசர் வராரு. எல்லாத் துணியையும் வாங்கிப் பிரிச்சுடுங்க," என்றார் ஸ்ரீகண்டன்.

மதியம் செக்கிங் மேஜையில் உட்கார்ந்து பிரித்தாள். துணியில் பழுது பார்ப்பதற்காக அடியில் விளக்கு எரியும் கண்ணாடி மேஜை அது. இருபது வருஷத் தையல்காரக் கை. ஒரு இழை அறுபடாமல் சிவப்பு நூல் முழுதும் வந்துவிட்டது. அப்பாடா என்று முதல் துணியைக் கண்ணாடி மேல் விரித்தாள். ஊசி போன துளை ஒவ்வொன்றிலும் வெளிச்சம் ஏறி, ஜோவிதா ஹாஜர் என்று நின்றது.

நகத்தால் தேய்த்தாள். தண்ணீர் தெளித்து இஸ்திரி போட்டாள். அழுத்த அழுத்தத் தெளிவாகத்தான் தெரிந்தது. விளக்கை அணைத்தாள், கண்ணுக்குள் எரிந்தது. பின்னால் யாரோ மூச்சு வாங்குவது கேட்டது.

"அக்கா, கண்ணு இருட்டுதுக்கா."

ஜோவிதாவின் குரல் அது. திரும்பிப் பார்க்க அவளுக்குத் தைரியமில்லை.

மறுநாள் வந்த ஆபீசர், அன்று ஜோவிதா வேலைக்கு வந்தாளா என்று கன்னடத்தில் கேட்டார். ஸ்ரீகண்டன் ரிஜிஸ்டரை அவர் பக்கம் நகர்த்தினார். மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. இத்தனை வருஷம் பேசிய கன்னடத்தில் சாந்தகுமாரிக்கு ஒரு வார்த்தை வரவில்லை. தமிழ்தான் வந்தது.

"வந்தா சார். நான்தான் ரஜான்னு மாத்தி எழுதினேன். பத்து மணிக்கே உடம்பு முடியல, வீட்டுக்குப் போறேன்னு கேட்டா. கையில இருக்கற காலரெல்லாம் முடிச்சிட்டுப் போன்னு சொன்னேன்."

ஆபீசர் எழுதுவதை நிறுத்தி நிமிர்ந்து பார்த்தார்.

"முடிச்சிட்டுத்தான் சார் விழுந்தா."