பாக்கி உள்ளவர்கள்

நானூற்றுப் பன்னிரண்டு டாலர் அறுபது சென்ட். தீவின் கூட்டுறவுக் கடைக்கு க்ளாரி தர வேண்டிய பாக்கி அவ்வளவு. கல்லாவில் நிற்கும் பெவ் அதைப் பார்த்த அதே நொடியில், கடல் தாண்டி ஹோபார்ட்டில் தனியாகக் குடியிருந்த க்ளாரியின் மகள் கெரினும் பார்த்தாள்.

கடைக்குக் கணக்குத் திரை செய்து கொடுத்தவள் அவள்தான். பழைய திரையில் பொத்தானைத் தட்டினால்தான் புதுக் கணக்கு வரும். பெவ் தட்ட மறந்து, கட்டியவர்களிடமே திரும்பக் கேட்டு வாங்கிக் கட்டிக்கொள்வாள். ‘பாக்கி உள்ளவர்கள் யார்’ என்ற கேள்வியைத் தரவுத்தளத்திடம் ஓயாமல் கேட்டுக்கொண்டே இருக்கும்படி கெரின் மாற்றினாள். பதில் மாறினால் திரையும் தானாக மாறும்.

சோதித்துப் பார்க்கத் தன் மேசையிலும் ஒன்றைத் திறந்துவைத்தாள். வேலை முடிந்த பிறகும் மூடவில்லை.

அம்மாவை அடக்கம் செய்த அன்று அப்பாவோடு சண்டை. நாலு வருஷமாகப் பேச்சில்லை. ஆனால் அவர் மாவும் புகையிலையும் வாங்கினால் எண் ஏறும். ஓய்வூதிய வியாழனில் இருபது டாலர் இறங்கும். எண் அசைந்தால் மனிதர் நடமாடுகிறார். அது போதும் என்று ஆறிப்போன தேநீரைக் குடித்துவிட்டு வேலையைப் பார்ப்பாள்.

ஒரு செவ்வாய்க் காலை அவர் பெயரைக் காணோம்.

தன் நிரலில் கோளாறு என்று நினைத்தாள்; அப்படியே இருக்கட்டும் என்றும் ஆசைப்பட்டாள். கேள்வியைத் தனியே ஓட்டிப் பார்த்தாள். எல்லாம் சரியாக இருந்தது. கட்டி முடித்தவரும், செத்துக் கடன் தள்ளுபடியானவரும் இந்தத் திரையில் ஒரே மாதிரிதான் மறைவார்கள். செய்தபோது அது தோன்றவில்லை.

கடைக்கு ஃபோன் போட்டாள். திரை மக்கர் பண்ணினால் தன் தலையில் கட்டாதே என்று பெவ் முந்திக்கொண்டாள். கெரின் அப்பா பெயரைச் சொன்னதும் குரல் இறங்கியது.

"நல்லாத்தான் இருக்காரு, கண்ணு. படகு இஞ்சினை வித்துட்டாரு."

"எதுக்கு?"

பெவ் கொஞ்சம் இழுத்தாள். திரையைச் செய்தது தன் மகளா என்று போன வாரம் விசாரித்தாராம்.

"'அங்கேருந்தும் என் கணக்கு தெரியுமா'ன்னாரு. நான் வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கலாம். தெரியும்னேன். இன்னிக்கு கடை திறக்கறதுக்கு முன்னாடியே வந்து நின்னாரு. மொத்தத்தையும் எண்ணி வெச்சுட்டு, இனிமே ரொக்கந்தான்னு போயிட்டாரு."

கெரின் ஃபோனை வைத்தாள். பாக்கி இல்லாதவர்களையும் காட்டும்படி தன் திரையில் மட்டும் கேள்வியை மாற்றினாள். க்ளாரி திரும்பி வந்தார், எதிரே பூஜ்யத்தோடு. அதன் பிறகு அந்த எண் அசையவில்லை.