எவெலியாவின் முறை

காபி வடிகட்டும் துணியைப் பிழிந்துகொண்டிருந்த நினோஸ்காவின் கன்னத்தைப் பிடித்து இழுத்து முத்தம் வைத்தாள் பக்கத்து வீட்டு ஓத்திலியா அத்தை.

“பெத்தா உன்ன மாதிரி ஒண்ணப் பெக்கணும்டி. எவெலியா குடுத்து வெச்சவ. கடைசி மூச்சு வரைக்கும் பக்கத்துலயே இருந்தியே!”

நினோஸ்கா துணியை இன்னொரு முறை பிழிந்தாள். அதில் பிழிய ஒன்றும் மிச்சமில்லை. காலையிலிருந்து வருகிறவர்கள் எல்லாரும் இதையேதான் சொல்கிறார்கள். கேட்கக் கேட்க அவளுக்கு உடம்பு கூசியது.

அம்மா எவெலியா கூடத்தில் பெட்டிக்குள் இருந்தாள். விடியற்காலையில் போன உயிர். நாளைக் காலை அடக்கம். மராக்காய்போ நகரத்து வெயிலில் அதற்கு மேல் வைத்திருக்க முடியாது. வாசலில் மாமரத்தடியில் அண்ணன் ரிகோவும் தெரு ஆண்களும் ஜோக் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். சாவு வீட்டு வாசலில் சிரிப்புச் சத்தம் கேட்காவிட்டால் செத்தவருக்கு மரியாதை இல்லை என்பது இந்த ஊர் ஆண்களின் கட்சி. நடுநடுவே ரிகோ சட்டைக் கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு அடுத்த ஜோக்குக்குப் போனான்.

“ஓமைரா, தெல்ஃபினா இவங்களுக்கெல்லாம் சொல்லியாச்சா?” என்றாள் அத்தை, பிஸ்கட்டுகளின் மேல் பாலாடைக்கட்டித் துண்டுகளை அடுக்கியபடி.

நினோஸ்கா துணியைக் கையில் வைத்தபடி அத்தையைப் பார்த்தாள்.

“என்னடி முழிக்கிற? தெனம் கம்ப்யூட்டர்ல ஒண்ணா ஜெபமாலை சொன்னவங்க. அவங்களுக்குத் தெரியாம எவெலியாவ மண்ணுல வெக்கிறதா? நல்லாருக்கே கதை!”

“நம்பர் இல்ல அத்தே. அம்மாவோட ஃபோன பஸ்ல யாரோ திருடிட்டாங்கல்ல, அதோட எல்லாம் போச்சு.”

“நம்பர் எதுக்கு? அந்த டப்பாவத் தொறந்தா நாலு பேரும் வந்து நிப்பாளுங்களே.”

“பார்க்கிறேன்” என்று சொல்லிவிட்டு நினோஸ்கா அம்மாவின் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள்.

அம்மாவும் அந்த நாலு சிநேகிதிகளும் இதே தெருவில் குடியிருந்தவர்கள். ஊர் நொடித்தபோது ஒருத்தி மகனோடு லிமாவுக்கும், ஒருத்தி சாண்டியாகோவுக்கும், ஒருத்தி மாத்ரிதுக்கும், ஒருத்தி குராசாவ் தீவுக்கும் போனார்கள். எவெலியா மட்டும் போகவில்லை. சாயங்காலம் நாலு மணியானால் லேப்டாப் முன்னால் ஈரத்தலையைச் சீவிக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். ஜெபமாலையின் ஐந்து தேவ இரகசியங்களை, ஒவ்வொன்றுக்கும் பத்து ஜெபமாக, ஆளுக்கு ஒன்றாகப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். மூன்றாவது எவெலியாவுடையது.

அம்மா எந்தப் பக்கத்தையும் மூடமாட்டாள். லிமாவில் மழையா, மாத்ரிதில் குளிரா, பூசணி அல்வாவுக்கு எவ்வளவு சர்க்கரை என்று பார்த்ததெல்லாம் பல்வரிசை மாதிரி மேலே நெருக்கமாகத் திறந்தே கிடக்கும். “மூடுங்கம்மா, மெஷின் திணறுது” என்றால், “இருக்கட்டும்டி, வீட்டுல ஆள் இருக்கற மாதிரி இருக்கு” என்பாள். ஜெபமாலைப் பக்கத்தை மட்டும் புக்மார்க்கில் முதலாவதாக வைத்திருந்தாள்.

போன மாதம் நினோஸ்காவின் வேலைக்கு வேண்டிய பக்கம் பழைய பிரவுசரில் திறக்க மறுத்தது. அவள் அதை அப்டேட் செய்து, கேட்ட இடத்தில் தன் பெயரையே போட்டு உள்ளே போனாள். அம்மாவின் பக்கங்கள் ஒன்றையும் காணோம். புக்மார்க்கும் இல்லை. அன்று அவளுக்கு வேலை தலைக்கு மேல் இருந்தது.

“என் பக்கமெல்லாம் எங்கடி?”

“அப்டேட் ஆனா போயிடும்மா. நீங்களும் எதையாச்சும் அமுக்கியிருப்பீங்க.”

எதற்காக அதைச் சொன்னாள்? வாயை அடைக்கத்தான். எவெலியா தன் ஆள்காட்டி விரலைத் தூக்கிப் பார்த்தாள். “ஆமாண்டி. இந்த சனியன் பிடிச்ச விரல் சும்மாவே இருக்காது” என்றாள்.

அதற்குப் பிறகு கேட்டபோதெல்லாம் ஒரு பதில். கரண்ட் வரட்டும். கரண்ட் வந்தால், ஞாயிற்றுக்கிழமை. ஞாயிற்றுக்கிழமை நினோஸ்கா தூங்கினாள். அதற்குள் அம்மாவின் நெஞ்சில் நீர் கோத்துக்கொண்டது. ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் அலைந்ததில் எல்லாருக்கும் அது மறந்துபோனது. அம்மாவுக்கு மட்டும் மறக்கவில்லை. நேற்றுச் சாயங்காலம் மூச்சு இழுத்துக்கொண்டிருந்தபோதும், “நாலாச்சா?” என்றாள்.

“ஆச்சும்மா.”

“ஆரம்பிச்சிருப்பாளுங்க.” கொஞ்ச நேரம் கழித்து, “தெல்ஃபினா அன்னைக்கு என்னைக் கிண்டல் பண்ணா. நான் கோவிச்சுட்டு வரலேன்னு நெனச்சுக்குவாளோ?” என்றாள்.

“அதெல்லாம் நெனைக்கமாட்டாங்க. தூங்குங்க.”

அம்மா பேசியது அதுதான் கடைசி.

நினோஸ்கா கட்டிலில் உட்கார்ந்து லேப்டாப்பை மடியில் வைத்துத் திறந்தாள். கட்டிலில் இன்னும் தைல வாசனை. மேலே, ஓரத்தில், தன் பெயரின் முதல் எழுத்தோடு ஒரு சின்ன வட்டம். ஒரு மாதமாக அவள் கண்ணெதிரே இருந்த வட்டம். அதை அழுத்தினாள். கீழே இன்னொரு வட்டம் எட்டிப் பார்த்தது. மஞ்சள் பூப் படம், பக்கத்தில் ‘எவெலியா’.

அதையும் அழுத்தினாள். முன்பு திறந்திருந்த பக்கங்களை மீட்கட்டுமா என்று கேட்டது. ஆம் என்றாள்.

எல்லாம் வந்துவிட்டன. லிமாவின் மழை, மாத்ரிதின் குளிர், பூசணி அல்வா. புக்மார்க்கில் முதலாவதாக ஜெபமாலை. எதுவும் எங்கேயும் போயிருக்கவில்லை. இரண்டே அழுத்தல். ஐயோ, இவ்வளவுதானா! நினோஸ்காவுக்கு முகம் காது எல்லாம் எரிந்தது. பூட்டிய வீட்டின் சாவியைத் தன் இடுப்பிலேயே செருகிக்கொண்டு அம்மாவைத் தெருவில் நிற்கவைத்திருக்கிறாள்.

சுவர்க் கடிகாரம் நாலைத் தாண்டியிருந்தது. ஜெபமாலைப் பக்கத்தைத் தொட்டாள்.

நாலு கட்டங்களில் நாலு முகங்கள். நாலும் மௌனமாக இருந்தன. யாரும் ஜெபிக்கவில்லை. கையில் மணிகள் மட்டும் ஒவ்வொன்றாக நகர்ந்துகொண்டிருந்தன. லேப்டாப் அவள் மடியில் சாய்ந்திருந்ததால் அவர்களுக்குத் தெரிந்தது அம்மாவின் தலையணையும் சுவரும்தான்.

“எவெலியா!” என்று அலறினாள் ஓமைரா. “வந்துட்டாடி! அந்தத் தலகாணி அவளோடதுதான்!”

“ஏண்டி கழுதை, செத்துகித்துப் போயிட்டியோன்னு பயந்தே போயிட்டோம்!” பிரிஸ்கா கைதட்டிச் சிரித்தாள். “மூஞ்சியக் காட்டுடி!”

“சரியா உன் முறைக்கு வந்திருக்க” என்றாள் ஹசிந்தா. “மூணாவத நாங்க யாருக்கும் குடுக்கல. தெனம் அது வந்தா வாயத் தொறக்காம உக்காந்திருக்கோம். நீ சொல்லி முடிக்கிற நேரம் வரைக்கும். உன் வேகத்துக்கு அது எவ்ளோ நேரம்னு எங்களுக்குத் தெரியாதா?”

நினோஸ்கா லேப்டாப்பை நிமிர்த்தினாள். கருப்பு உடுப்பு தெரிந்தது. சிரிப்பு ஒவ்வொரு கட்டமாக அணைந்தது.

“நான் நினோஸ்கா” என்றாள். “இன்னைக்குக் காலையில.”

அதற்கு மேல் சொல்ல வேண்டியிருக்கவில்லை. நாலு ஊரிலிருந்தும் அழுகை வந்தது. தெல்ஃபினா மட்டும் அழவில்லை. திரைக்கு ரொம்பக் கிட்டே வந்தாள்.

“எம்மேல கோவத்தோடயா போனா? ‘உன் பத்து முடியறதுக்குள்ள எனக்குப் பசியே வந்துடுது’ன்னேன். அதுக்கப்பறம்தான் அவ வரல. சும்மா விளையாட்டுக்குத்தாண்டி சொன்னேன்.”

“சேச்சே, அவ எதையாச்சும் அமுக்கித் தொலைச்சிருப்பா” என்று விம்மினாள் ஓமைரா. “அவ விரலப் பத்தித் தெரியாதா?”

கதவு திறந்தது. ஓத்திலியா அத்தை காபிக் கோப்பையோடு நின்றாள். ‘ஆமாம், அப்டேட்டில் போய்விட்டது’ என்று நினோஸ்கா தலையாட்டியிருந்தால் முடிந்திருக்கும். அத்தை வெளியே போய் இன்னும் நாலு பேரிடம் இவளைப் போல் மகள் உண்டா என்று சொல்லியிருப்பாள்.

“இல்ல” என்றாள். “அம்மா எதையும் அமுக்கல. கோவமும் இல்ல. நான்தான் என் பேரப் போட்டு அவங்க பக்கத்தையெல்லாம் மறைச்சேன். அவங்க மேலயே பழியப் போட்டேன். தெனம் கேட்டாங்க. எனக்கு ரெண்டு நிமிஷம் ஒதுக்க மனசு வரல. நேத்துகூட, தெல்ஃபினா தப்பா நெனச்சுக்குவாளோன்னுதான் கேட்டாங்க.”

தெல்ஃபினா இப்போதுதான் அழுதாள். நினோஸ்காவைத் திட்டவும் இல்லை, பரவாயில்லை என்று சொல்லவும் இல்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவளுக்கு.

அத்தை கோப்பையை மேசைமேல் வைத்தாள். அவளும் இவள் முகத்தைப் பார்க்கவில்லை.

“வயர எடுத்துக்கோ” என்றாள். “கரண்ட் இருக்கறப்பவே கூடத்துல சொருகு. ஆளுங்க காத்துட்டிருக்காங்க.”

அம்மாவின் தலைமாட்டில் ஒரு நாற்காலி போட்டு அதன்மேல் லேப்டாப்பை வைத்தார்கள். ரிகோ வாசலிலிருந்த ஆண்களை உள்ளே கூட்டிவந்தான். தொப்பிகள் இறங்கின. எல்லாருக்காகவும் முதலிலிருந்து தொடங்கினார்கள். முதலாவதை லிமாவிலிருந்து பிரிஸ்கா சொன்னாள், கூடம் பதில் சொன்னது. இரண்டாவது ஹசிந்தா.

மூன்றாவது வந்தது. ஓத்திலியா அத்தை பழக்கத்தில் வாயைத் திறந்தாள். தெல்ஃபினா திரையிலிருந்து விரலை உதட்டில் வைத்தாள். அத்தை மூடிக்கொண்டாள்.

கூடம் அமைதியானது. மின்விசிறியின் சத்தமும் மணிகள் உரசும் சத்தமும் மட்டும் கேட்டன. ரிகோ ஏன் என்று தங்கையைப் பார்த்தான். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். எவெலியா மெதுவாகச் சொல்கிறவள், நேரம் ஆகும்.

யாரும் தொடாததால் திரை மங்க ஆரம்பித்தது. நினோஸ்கா ஆள்காட்டி விரலை நீட்டி, எதையும் அழுத்திவிடாமல், லேசாகத் தொட்டாள். நாலு முகங்களும் திரும்ப வெளிச்சத்துக்கு வந்தன. அவள் விரலை எடுக்கவில்லை.