இடப்பக்க முன்சக்கரம்

உள்ளே கூடத்தில் தந்தையைக் கிடத்தியிருந்தார்கள். வாசலில் மகள் அவருடைய காருக்கு அடியில் ஜாக்கி கொடுத்துத் தூக்கிக்கொண்டிருந்தாள். துக்கம் கேட்க வந்தவர்கள் அவளைச் சுற்றிக்கொண்டு உள்ளே போனார்கள்.

“சாவு வீட்டுல கையெல்லாம் கரியைப் பூசிக்கிட்டு... நல்லாவா இருக்கு?” என்றார் சித்தப்பா.

“பிரேக் பிடிக்காத வண்டியில அம்மாவை ஏத்துறது மட்டும் நல்லாவா இருக்கு?”

முந்தைய நாள் வாகனச் சோதனையில் பிரேக் தேறவில்லையென்று காரைத் திருப்பி அனுப்பியிருந்தார்கள். தந்தையோ, பிரேக்கைக் கண்டுபிடித்தவரே தாம்தான் என்பதுபோல் சோதனைக்காரர்களுக்குப் பாடம் நடத்திவிட்டு வந்தார். இரவு உண்ணும்போதும் நிறுத்தவில்லை. விடியுமுன் மூச்சு நின்றுபோயிற்று. சோதனைக்காரர்களே அண்ணனைக் கொன்றுவிட்டதாகச் சித்தப்பா தீர்ப்பெழுதிவிட்டார். அண்ணன் சொன்னதே சரியென்று நாலுபேர் அறிய, சவ வண்டிக்குப் பின்னால் அதே காரில் அண்ணியை ஏற்றித் தாமே ஓட்டிச் செல்வதென்று முடிவும் கட்டியிருந்தார். மயானமோ செங்குத்தான சரிவின் அடியில் இருந்தது.

மகள் சொந்தமாகப் பட்டறை வைத்திருப்பவள். ஊரார் கார்களையெல்லாம் தொட்ட அந்தக் கையைத் தந்தை தம் கார்மேல் மட்டும் படவிட்டதில்லை. “பொம்பளை கை வெச்ச வண்டி பாதி வழியில நிக்கும்” என்பது அன்னாரின் ஞானம்.

ஓட்டுபவர் பக்கத்துச் சக்கரத்தை முதலில் கழற்றினாள். சுழலும் டிஸ்க்கைக் கவ்வி நிறுத்தும் பிரேக் பேட் இரண்டும் புதியவை.

“பாத்தியா? அண்ணன் கைவேலைம்மா!” சித்தப்பா மீசையைத் தடவிக்கொண்டார்.

அவள் இடப்பக்கத்துக்குப் போனாள். அங்கே பேட் முற்றிலும் தேய்ந்து, வெறுந்தகடு டிஸ்க்கை உரசி வரிவரியாகப் பள்ளம் பறித்திருந்தது. காரின் பின்பெட்டியைத் திறந்தாள். புதிய பேட்கள் இரண்டு, அட்டைப்பெட்டிக்குள் உறை பிரிக்காமல் கிடந்தன.

“ரெண்டு சக்கரத்துக்கும் சேர்த்துத்தான் ஒரு பெட்டி சித்தப்பா. தன் பக்கம் மாட்டிட்டு, மீதியைப் பத்திரப்படுத்தியிருக்காரு.”

“சிக்கனம்மா அது. பழசு இன்னும் கொஞ்சம் தேயட்டும்னு விட்டிருப்பாரு.”

“தேயுறதுக்கு இனிமே காருதான் மிச்சம்.”

அம்மா வாசற்படிக்கு வந்து நின்றாள்.

“அவரு பக்கம் நல்லாயிருக்கா?”

“இருக்கும்மா.”

“இது நான் உக்கார்ற பக்கம்தானே?”

மகள் ஸ்பேனரைத் தேடுபவள்போல் குனிந்துகொண்டாள். ஸ்பேனர் அவள் கையிலேயே இருந்தது. சித்தப்பா தொண்டையைக் கனைத்தார்.

“வேற வண்டி சொல்லட்டுமா அண்ணி?”

“வேணாம். அவ மாட்டட்டும்.”

மகள் பிஸ்டனை உள்ளே தள்ளி, உறை பிரித்த பேட்களைப் பொருத்தினாள். பெடல் காலுக்குக் கெட்டிப்படும்வரை மிதித்தாள். டிஸ்க்கையும் மாற்றியாக வேண்டும். மெதுவாகச் சென்றால் இன்றைக்குத் தாங்கும். தெருமுனைவரை ஓட்டி, நிறுத்தி நிறுத்திப் பார்த்துத் திரும்பினாள். சாவிக்காகச் சித்தப்பா கையை நீட்டினார். அவள் அந்தக் கையைப் பார்க்கவேயில்லை.

சரிவில் சவ வண்டி வேகம் குறைத்தது. பின்னால் மகள் பிரேக்கை மிதித்தாள். கார் எந்தப் பக்கமும் இழுக்காமல் நின்றது.

பக்கத்தில் அம்மாவின் வலக்காலும் தரையை அழுத்திக்கொண்டிருந்தது. அந்த இடத்தில் ரப்பர் விரிப்பு வட்டமாகத் தேய்ந்து, அடியிலிருந்த தகடு தெரிந்தது.