கறுப்புக்கு எதிரே

பிலோமேனுக்கு நாற்காலியில் இருப்புக் கொள்ளவில்லை. தீஜோன் நகருக்கு ஐந்து மணிக்கு ரயில். அங்கே அவளுடைய அக்காள் ரொட்டிக்கடை வைத்திருந்தாள். மாடியில் ஓர் அறை, கணவன் அன்செல்முக்குக் கல்லாவில் வேலை, எல்லாம் தயார். "இன்னிக்குச் சம்பளம் வந்ததும் எந்திரிச்சுடறேன்" என்று காலையில்தான் அவன் சத்தியம் செய்திருந்தான். சம்பளம் என்று அந்த மகாராஜன் சொன்னது, மோன்டே கார்லோ சூதாட்ட விடுதியின் சுழல்மேசையிலிருந்து தினமும் பிடுங்கிவிட நினைத்த சில்லறையை.

சிவப்பு, கறுப்பு இரண்டில் கறுப்பிலேதான் பந்தயம் வைப்பான். தோற்றால் ஒரு பந்தய வில்லை கூட்டுவான், ஜெயித்தால் ஒன்றைக் குறைப்பான். இந்த முறைக்காகத் தபால் நிலைய உத்தியோகத்தையே தலைமுழுகியவன். இன்று சிவப்பு விடாமல் வந்துகொண்டிருந்தது.

மேசைக்கு எதிர்ப்பக்கம் ஆடிக்கொண்டிருந்த ஜுபோவா சீமாட்டி குஷியாக இருந்தாள். அன்செல்ம் கறுப்பில் வைத்த மறுகணம் அவள் சிவப்பில் வைப்பதைப் பிலோமேன் அப்போதுதான் கவனித்தாள்.

"ஏம்மா, என் புருஷனைப் பார்த்தா வைக்கிறீங்க?"

"கோவிச்சுக்காதீங்க, மதாம். ராசியில்லாத ஆளுக்கு எதிரா வைக்கிறது இங்க எல்லாரும் பண்றதுதான். போன குளிர்காலத்துல இருந்து என் ஓட்டல் வாடகையே உங்க வீட்டுக்காரர் புண்ணியத்துலதான் ஓடுது."

பிலோமேனுக்கு அவமானத்தில் காது சூடேறியது. அன்செல்ம் கடைசியாக மிஞ்சிய வில்லைகளை மொத்தமாகக் கறுப்பில் தள்ளிவிட்டுப் பின்னால் கை நீட்டினான்.

"பையைக் குடு."

"அது ரயில் சீட்டுக் காசு."

"தெரியும். சும்மா கையில இருக்கட்டும்."

அவள் மனம் பரபரவென்று கணக்குப் போட்டது. பையில் இருந்ததும் அவன் வைத்ததும் ஒரே தொகை, இரண்டு பேருக்கான ரயில் சீட்டு. அதைச் சிவப்பில் வைத்துவிட்டால்? சிவப்பு வந்தால் அவன் கை காலி, எழுந்துதான் ஆக வேண்டும். கறுப்பு வந்தால் சம்பளம் வந்துவிடும், அப்போதும் எழுந்தாக வேண்டும். எப்படியும் யாராவது ஒருவர் கையில் சீட்டுக் காசு இருக்கும். அவள் பையைத் திறந்து சிவப்பில் வைத்தாள்.

"பைத்தியமா உனக்கு? எனக்கு எதிராவா வைக்கிறே?"

"ஊரே வைக்குது. நான் வச்சா மட்டும் குத்துதா?"

சுழலும் தட்டில் பந்து துள்ளித் துள்ளி ஓடியது. கறுப்பும் இல்லை, சிவப்பும் இல்லை. பூஜ்யத்தில் போய் உட்கார்ந்தது. இத்தனை வருஷம் அந்த மேசையருகே உட்கார்ந்தவள், பூஜ்யத்தை மறந்துபோயிருந்தாள்.

மேசைக்காரன் இருவர் பணத்தையும் கோட்டின்மேல் நகர்த்தினான். "பாதியைத் திருப்பி வாங்கிக்கிறீங்களா? இல்ல, அடுத்த சுத்துக்கு அடைச்சு வைக்கட்டுமா? அதுல உங்க நிறம் வந்தா போட்டது கிடைக்கும். வரலேன்னா போச்சு."

"பாதியைக் குடுங்க" என்றாள் பிலோமேன். பிறகு கணவனின் தோளைத் தொட்டாள். "நீயும் வாங்கிக்க, அன்செல்ம். ஆளுக்கு ஒரு சீட்டு ஆச்சு. வா, ஓடினா ரயிலைப் பிடிச்சுடலாம்."

அவன் திரும்பவே இல்லை. "பூஜ்யத்துக்கு அப்புறம் கறுப்புதான். ஒரே ஒரு சுத்து, பிலோ. அடைச்சு வைங்க, முசியே."

அவள் வாசல்வரை போனாள். கால் அதற்குமேல் நகரவில்லை. கறுப்பே வந்து தொலையட்டும் என்று முதல் முறையாக வேண்டிக்கொண்டாள்.

கறுப்பே வந்தது. மேசைக்காரன் அன்செல்மின் பணம் முழுவதையும் அவன் பக்கம் தள்ளினான். அவன் அதை இரு கைகளாலும் அள்ளினான். பாதி எழுந்துவிட்டான், வாசல் பக்கம் பார்த்தான், அவளையும் பார்த்தான். அவள் கையை நீட்டினாள்.

"சீக்கிரம் வைங்க, முசியே" என்றாள் ஜுபோவா சீமாட்டி. "நான் உங்களுக்காகத்தான் காத்துக்கிட்டிருக்கேன்."

அன்செல்ம் உட்கார்ந்தான். அள்ளிய பணத்தைக் கறுப்பில் வைத்தான். பந்து எங்கே விழுந்தது என்று பார்க்கப் பிலோமேன் நிற்கவில்லை.