ஏழு நாள் இலவசப் பாடம்

நல்லதொரு செயலியைத் தேடிப் பிடிக்க றம்லாவுக்குப் பத்து நாள் பிடித்தது. அதை அழிக்க ஒரு விரல் போதுமாயிற்று.

மகள் ஆகிலாவுக்கு எட்டு வயது. பேச்சு திக்கும். பள்ளிக்கூடத்தில் வாசிக்க எழும்பினால், முதற்சொல் வாயைத் தாண்டுமுன் வகுப்பே சிரித்து முடித்துவிடும். பிள்ளை வாய் திறப்பதையே விட்டுவிட்டாள். வீட்டில் வைத்தே படிப்பிக்கிறேன் என்று றம்லா ஒற்றைக் காலில் நின்று அவளைப் பள்ளிக்கூடத்தால் நிறுத்தினாள். தமிழும் கணக்கும் அவளால் ஆகும். இங்கிலீசுக்குத்தான் கைபேசியில் ஏதாவது வேண்டும். கல்முனை பசாரில் புடவைக்கடை வைத்திருக்கும் கணவன் முபீனோ, "நீயே பார்த்து எடு புள்ள, எனக்கு அதெல்லாம் விளங்காது" என்று பாரத்தை அவள் தலையில் வைத்துவிட்டார்.

ஏழு நாள் இலவசம் என்று இரண்டை இறக்கினாள். ஒன்றில் தொப்பி போட்ட ரோசாநிறப் பன்றி பாட்டாலேயே பாடம் நடத்தியது. மற்றதில் முக்காடு போட்ட ஆசிரியை ஒருவர் கேள்வி கேட்டார்.

ஐந்தாம் நாள் காலை றம்லா குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தபோது முன்னறையில் பாட்டுக் கேட்டது. பன்றியின் குரலோடு ஆகிலாவின் குரல். முழு வரி, ஓரிடத்திலும் திக்கவில்லை. மீன் கையோடு கதவோரம் நின்று றம்லா அழுதாள்.

அந்த நேரம் பார்த்தா சபியா உம்மா வர வேண்டும்? அடுத்த வீட்டு வளவுக்காரி. கறிவேப்பிலை கேட்டு வந்தவர் உள்ளே எட்டிப் பார்த்தார்.

"என்னகா றம்லா, பள்ளிக்கூடத்தால நிப்பாட்டிப்போட்டு, பண்டிக்கிட்டயா புள்ளயப் படிக்க உட்டிரிக்காய்?"

ஊர் வாயை மூட உலைமூடி ஏது? பிள்ளையை வீட்டில் வைத்ததற்கே ஆளுக்கொரு கதை ஓடிக்கொண்டிருந்தது. சபியா உம்மா வாசற் கடப்படி தாண்டுமுன் றம்லா பன்றியை அழித்துவிட்டு, முக்காட்டு ஆசிரியைக்கு ஒரு வருடச் சந்தா கட்டினாள். படத்துப் பன்றியால் மார்க்கத்துக்கோ ஈமானுக்கோ ஒரு கேடும் வராதென்று அவளுக்குத் தெரியும். அவள் பயந்தது அல்லாஹ்வுக்கல்ல, அடுத்த வளவு நாக்குக்கு.

அந்த ஆசிரியை உச்சரிப்புக்குப் புள்ளி போடுபவர். ஆகிலா "மை… மை…" என்று தடுமாறும்போதே திரையில் சிவப்புக் கோடு விழும். மீண்டும் முயற்சி செய்யுங்கள் என்பார். பத்துத் தரம், இருபது தரம். குதிரை தள்ளியதும் போதாமல் குழியும் பறித்த கதையாயிற்று. மூன்றாம் வாரம் பிள்ளை வீட்டிலும் வாய் திறக்கவில்லை. சோறு வேண்டுமென்றாலும் கையால்தான் காட்டினாள். தொழுகைப் பாயில் இருந்தாலும் றம்லாவுக்கு அந்தப் பாட்டுத்தான் காதில் கேட்டது. பாவி, பெற்ற பிள்ளையின் நாக்கை நானே கட்டிப்போட்டேனே என்று மனம் அடித்துக்கொண்டது.

பகல் சோற்றுக்கு வந்த முபீன் கேட்டார். "எப்பிடிப் புள்ள அந்தப் பாடம்? மகள் இங்கிலீசு கதைக்காவா?"

"ஓம், நல்லாக் கதைக்கா" என்றாள் றம்லா. ஆகிலா சோற்றுக் கோப்பையிலிருந்து தலை நிமிர்ந்து உம்மாவைப் பார்த்தாள். பிறகு குனிந்து சோற்றைப் பிசைந்தாள்.

அவர் கடைக்குத் திரும்பியதும் றம்லா பிள்ளையருகே போய் இருந்தாள்.

"என்ட கிளி, உம்மாவோட கோவமா?"

ஆகிலாவின் உதடு நெடுநேரம் துடித்தது.

"உ… உம்மா, அந்தப் ப… பாட்டத் திரும்பப் போடுங்க. நான் ப… பண்டியப் பார்க்கமாட்டன். க… கண்ணப் பொத்திக்கிட்டுப் பாடுறன்."

றம்லா பன்றியை மீண்டும் இறக்கி, அதற்கும் சந்தா கட்டினாள். முன்கதவை அகலத் திறந்து, அடுத்த வளவுக்குக் கேட்கும்படி சத்தத்தைக் கூட்டினாள்.

பாட்டுத் தொடங்கியது. ஆகிலா பாடினாள், ஒரு சொல்லும் திக்காமல்.

"கைய எடு மகள், பார்த்துப் பாடு. உம்மா ஒண்டும் சொல்லமாட்டன்."

பிள்ளை பாட்டை நிறுத்தவில்லை. கண்ணைப் பொத்திய கையையும் எடுக்கவில்லை.